இரவல் சோபாவும் பத்துத் தலையும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சோபா இருந்தது. மெரூன் நிறம், கைப்பிடியில் தங்கக் கலரில் பூ. அதில் நான் உட்கார்ந்தது மொத்தமாகக் கால் மணி நேரம் இருக்கலாம். அந்தக் கால் மணி நேரத்தையும் அதற்குப் பிறகு நடந்ததையும் நினைத்தால் இன்றைக்கும் தனியாகச் சிரிப்பு வருகிறது. புல் போடும்போது சிரித்தால் மாடு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேரன் போனில் தட்டுகிறான். அவன் மானம் போகிற இடம் வந்தால் விரல் நின்றுவிடும்; கிள்ளினால் மறுபடி ஓடும்.

நாங்கள் இருப்பது பாகலூருக்கு வெளியே, ஓசூர் ரோட்டிலிருந்து சற்று உள்ளே. ஒரு பக்கம் சாமந்தித் தோட்டம், ஒரு பக்கம் கம்பெனிச் சுவர். மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடினால் கர்நாடகாவில் போய்த்தான் பிடிப்போம். அங்கே அது கன்னடத்தில் அதட்டினால் நிற்கும், இங்கே தமிழில் அதட்டினால் நிற்காது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, அதை ஒட்டி ஒரு லைன் வீடு. ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பையன்கள் அதில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் நாலு பேர்: நான், மகன், மருமகள், பேரன். மகன் டெம்போ ஓட்டுகிறான். மருமகளுக்கு ரோஜாப் பண்ணையில் வேலை. பூவின் காம்பை அளந்து பார்த்துக் கட்டுக் கட்டுவாள். பேரன் கார் சாமான் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி. குவாலிட்டி என்றால் மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. அதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். நான் இந்த வீட்டில் ஐம்பது வருடமாக அதை இனாமாகச் செய்து வருகிறேன்.

அந்தக் கம்பெனியில்தான் அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்காரர் மகள், டிப்ளமோ படித்தவள். பிறகு கம்பெனி அவளை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. இரண்டு வருடம் அங்கே மெஷின் பழகிக்கொண்டு திரும்பி வர வேண்டும். போகும் முன்பே இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். எங்களுக்குத்தான் கடைசியாகச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "எங்க வீட்டுக்கு ஜெர்மனியில இருந்து மருமக வர்றா" என்று சொன்னேன். பூக்கடைக்காரர் வெள்ளைக்காரி என்று நினைத்து, "நம்ம சாம்பாரு ஒத்துக்குமா?" என்று கவலைப்பட்டார்.

சிக்கல் பெண்ணின் அப்பாவிடம் இருந்தது. மனிதர் தினமும் காலையில் போனில் ஈரோ விலை பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பாராம். மகள் சம்பளத்தை ரூபாயாக மாற்றி மாற்றி, அவர் கண்ணுக்கு எங்கள் ஜில்லாவே சிறுத்துப் போயிருந்தது. அவரே என் மகனுக்குப் போன் செய்தார்.

"உங்க பையன் நல்ல பையன்தாங்க, இல்லங்கல. ஆனா அவ ஒருத்தி அங்க வாங்கறது உங்க வீடே சேந்து சம்பாரிச்சாலும் வராது போலக்கீதே. நாளைக்கு அவ வந்து எப்பிடி இருப்பா? ஞாயித்துக்கெழம வீடு பாக்க வர்றோம். பாத்துட்டு அங்கயே ஒரு வார்த்த சொல்லிடறேன். ஆம்னா ஆம், இல்லன்னா இல்ல."

அன்றிலிருந்து பேரன் சாப்பிடுவது குறைந்தது. எட்டுத் தோசை தின்கிறவன் ஐந்தோடு எழுந்தான். "இந்தப் பொண்ணு இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம் ஆயா" என்று கொட்டகையில் வந்து மாட்டின் காதில் சொல்வது போல் என்னிடம் சொன்னான். இப்போது விரல் நிற்கிறது பாருங்கள். கிள்ளிவிட்டேன்.

மருமகள் களத்தில் இறங்கினாள். பக்கத்து வீட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிற பாய் குடும்பம். போன மாதம்தான் மெரூன் சோபா வாங்கியிருந்தார்கள். ஒரு நாளைக்கு மட்டும் என்று கேட்டாள். பாய் வீட்டம்மா, "எடுத்துட்டுப் போங்கக்கா, புள்ள வாழ்க்க முக்கியம். டீ மட்டும் சிந்தாம பாத்துக்குங்க" என்று கொடுத்தாள். வாசலில் நிறுத்த ஒரு வெள்ளைக் கார்; அது மகன் டெம்போ ஓட்டுகிற முதலாளியுடையது. மருமகளின் அக்கா வீட்டிலிருந்து ஒரு மைக்ரோ அடுப்பு வந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் செருகும் பிளக் இல்லை. அதனால் அதன் மேல் துணி விரித்து பிளாஸ்டிக் பூ வைத்தோம்.

அதே வாரம் தெருவில் ஒரு புரளி. வீட்டுக்கு வீடு சர்வே வருகிறார்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு வருமானம் என்று எழுதுகிறார்கள், வசதி தெரிந்தால் மாதம் வருகிற ஆயிரம் ரூபாய் நின்றுவிடும், ரேஷன் அரிசியும் போய்விடும் என்று. யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும் பால் சொசைட்டி பக்கம் கையைக் காட்டினார்கள். ஆனால் மூன்று நாளில் தெருவே ஏழையாகிவிட்டது. எதிர் வீட்டில் டிவிக்குக் கம்பளி போர்த்திப் படுக்க வைத்தார்கள். மூலை வீட்டுக்காரன் புது பைக்கை வைக்கோல் போருக்குள் சொருகினான். சர்வே திங்கட்கிழமை வரும் என்றார்கள். அதனால் எங்கள் திட்டம் இது: ஞாயிறு முழுக்கப் பணக்காரர்கள், இருட்டியதும் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திங்கள் காலையிலிருந்து ஏழைகள்.

ஞாயிறு பிற்பகல் இரண்டரைக்கு அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியில், கூடவே அவருடைய அக்கா. அந்த அக்கா வாயில் வெற்றிலை, கண்ணில் டார்ச் லைட். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பதில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார் அவர்.

அவர் சோபாவில் உட்கார்ந்தார், அமுங்கினார். முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. நானும் எதிர்ப் பக்கம் உட்கார்ந்தேன். அடடா, என்ன சொல்வது! குண்டு எருமைக் கன்றின் மேல் உட்கார்ந்த மாதிரி. மெதுவாக ஒருமுறை எம்பிப் பார்த்தேன். மருமகள் கண்ணால் அதட்டினாள்.

"கார் உங்களுதுங்களா?" என்றார் அவர்.

"வெச்சிருக்கறோங்கண்ணா, எங்க ஓட்ட நேரம்?" என்றாள் மருமகள். மகன் சுவரைப் பார்த்தான்.

"மைக்ரோ அடுப்பெல்லாம் கீது!" என்றாள் அந்த அக்கா.

"அது இல்லாம இவரு காப்பியே குடிக்க மாட்டாருங்க."

பேரன் மூலையில் வியர்த்து நின்றான். அவன் சட்டைப் பையில் போன். ஜெர்மனியில் அந்தப் பெண் பதில் தெரிய உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு குரல்.

"வீட்ல யாருங்க? சர்வேக்கு வந்திருக்கேன்."

கழுத்தில் அட்டை, தோளில் பை, கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன். இருபத்தைந்து வயது இருக்கும். "திங்கக்கெழமன்னாங்களே?" என்று ஓடினாள் மருமகள். "இந்த ஏரியாவுல வார நாள்ல எல்லா வீடும் பூட்டிக் கிடக்குது அக்கா. எல்லாரும் கம்பெனிக்குப் போயிடறாங்க. அதான் ஞாயித்துக்கிழமையே வந்துட்டேன்" என்றாள் அந்தப் பெண். நியாயம்தான். எங்களுக்கு அது தோன்றவில்லை.

மருமகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம்: இவளைக் கொட்டகைக்குக் கூட்டிப் போ. நான் சோபாவை விட்டு மனசில்லாமல் எழுந்தேன். "வா கண்ணு, பின்னாடி காத்து நல்லா வரும்" என்று சர்வே பெண்ணை வீட்டைச் சுற்றி அழைத்துப் போனேன். கூடத்தைக் காட்டவே இல்லை.

கொட்டகையில் அவளுக்கு ஒரு கவிழ்த்த பக்கெட், எனக்கு ஒரு சாக்கு. அவள் முதலில் கேட்டது, வீட்டில் எத்தனை பேர் என்பது.

"எதுக்கு கண்ணு தலைய எண்ணுறீங்க?"

"மொத்த வருமானத்தத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிப்பாங்க பாட்டி."

எனக்கு எழுத்துத்தான் தெரியாது. விரல் கணுவில் கணக்கு வரும். ஒரு முட்டையை நாலு பேருக்கு அறுப்பதற்கும் பத்துப் பேருக்கு அறுப்பதற்கும் வித்தியாசம் தெரியாதா? தலை கூடினால் துண்டு சிறுக்கும். துண்டு சிறுத்தால் ஆயிரம் ரூபாய் தப்பிக்கும். லைன் வீட்டு வாசலில் ஒடிசாப் பையன்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று சொன்னேன்.

"பத்துப் பேரு."

"பத்துப் பேருமே ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறவங்களா பாட்டி? அப்படி இருந்தாத்தான் ஒரே குடும்பம்னு போடுவோம்."

"ஒரே அடுப்புதான். அதோ அந்த ஆறும் நம்ம புள்ளைங்கதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு பையன் ஒடியாவில் சத்தமாகப் பாடிக்கொண்டே சட்டையைப் பிழிந்தான்.

"அவங்க என்ன பேசறாங்க பாட்டி?"

"வெளையாட்டுக்குக் கண்ணு. கம்பெனியில கத்துக்கிட்டானுங்க."

அவள் போனில் தட்டினாள். அடுத்து, போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். ராகிக் களி என்றேன். அப்புறம்? ராகிக் களி. அப்புறம்? கொஞ்சம் மாறுதலாக இருக்கட்டும் என்று, ராகிக் கூழ் என்றேன். அந்த நேரம் பார்த்து ஒடிசாப் பையன்கள் கடுகு எண்ணெயில் மீன் பொரித்தார்கள். கொட்டகை முழுக்க வாசம். சர்வே பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"மீனு யார் வீட்ல பாட்டி?"

ஒரே அடுப்பு என்று சொல்லியாகிவிட்டதே! "இன்னைக்கு ஒரு நாளைக்கு" என்றேன்.

"சரி. டிவி, பிரிட்ஜ், சோபா, கார் இதெல்லாம் இருக்குதா?"

இங்கேதான் நான் கொஞ்சம் அளவு மீறிவிட்டேன். மூன்று நாளாக மருமகள் சொல்லிக்கொடுத்திருந்தாள், பாடம் மனப்பாடம். "எங்களுக்கேது கண்ணு சோபாவும் காரும்! வாசல்ல நிக்கறது மொதலாளி காரு. சோபா பாய் வீட்டுது. காப்பி குடிக்க நல்ல டம்ளரு கிடையாது. பத்துத் தலைக்கு நாலு பாயி. ஒருத்தன் பொரண்டா பத்துப் பேரும் பொரளணும்" என்று மூக்கைச் சிந்தினேன்.

பின்னால், வெற்றிலை துப்புகிற சத்தம் கேட்டது. திரும்பினால், பெண்ணின் அத்தை. வாய் கொப்பளிக்கப் பின்பக்கம் வந்தவள் சொம்போடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் சொம்பைத் தொட்டி மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நடையா அது, ஓட்டம்.

"இப்ப சாமானெல்லாம் ஒரு பார்வ பாத்துடறேன் பாட்டி" என்று சர்வே பெண்ணும் எழுந்து அவள் பின்னாலேயே போனாள். நான் சாக்கிலிருந்து எழுவதற்குள் இரண்டு பேரும் கூடத்தில். முட்டி வலி இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை தம்பி காதில் குனிந்திருந்தாள். ரகசியம் என்றுதான் நினைத்தாள், தெருவுக்கே கேட்டது. "பத்துப் பேராம்டா தம்பி! நாலு பாயாம்! ஒருத்தன் பொரண்டா எல்லாரும் பொரளணுமாம்!"

சர்வே பெண் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். மெரூன் சோபா, பூ வைத்த அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கார். பிறகு அவள் வேலையை அவள் செய்தாள். "இந்த சோபா உங்களுதாக்கா?" என்று மருமகளைக் கேட்டாள்.

மருமகள் வாயைத் திறந்தாள். எங்களது என்றால் ஆயிரம் ரூபாய் போச்சு. இல்லை என்றால் சம்பந்தம் போச்சு. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. மகன் சுவரில் ஏதோ விரிசல் கண்டுபிடித்துவிட்டவன் போல அதைத் தடவினான். சோபாவில் உட்கார்ந்திருந்த மனிதர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பேரன்தான் பேசினான். "எங்களுது இல்லீங்க மேடம். பாய் வீட்டுது. காரும் எங்களுது இல்ல. அந்த அடுப்பு பெரியம்மா வீட்டுது, அதுக்கு எங்க வீட்ல பிளக்கே இல்ல. டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எங்களுது. ஆயா சொன்னதும் தப்புங்க. நாங்க நாலு பேருதான். அந்தப் பசங்க வாடகைக்கு இருக்கறவங்க. நாலு பேருக்கும் கட்டில் இருக்குது."

குவாலிட்டி வேலை பார்க்கிறவன் அல்லவா. எல்லாவற்றையும் ரிஜக்ட் செய்துவிட்டான்.

பெண்ணின் அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "இல்லாதவங்கன்னா கூடப் பரவால்லீங்க. என்னக் கூப்ட்டு வெச்சு ஊரான் சோபாவுல ஒக்கார வெச்சீங்களே! பொய் சொல்ற வீட்டுல பொண்ணக் குடுத்துட்டு நான் தூங்க முடியுமா? அக்கா, கெளம்பு."

பேரன் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டாம் என்கிறான். சொல்லவில்லை. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பத்துப் பேர் என்ற வாய் என் வாய்தானே.

அந்த அக்கா எழவில்லை. தோள் குலுங்கிற்று. முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு, வெற்றிலைச் சாறு ஒழுகுகிற சிரிப்பு.

"ஒக்காருடா தம்பி. பெருசா பேச வந்துட்டான்! போன மாசம் நம்மூர்ல இதே சர்வே வந்தப்ப டிராக்டர மாந்தோப்புல தள்ளி, மேல தழ வெட்டிப் போட்டு மூடுனது யாரு? மழ வந்து டிராக்டர் சீட்டுல காளான் மொளச்சிருச்சே!"

"அக்கா!"

"ஆடு எத்தினின்னு கேட்டதுக்கு, ரெண்டு, அதுவும் நொண்டின்னு சொன்னியே! இருவத்தி ரெண்டு ஆடும் பின்னாடி கத்துச்சு!"

சர்வே பெண் பலகையிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீங்க எந்த ஊருங்கய்யா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு வேகத்தில் அந்த சோபாவில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சர்வே பெண் பையைக் கீழே வைத்தாள். அலுப்போடு சிரித்தாள். "காலையில இருந்து ஒம்பது வீடு. ஒம்பது வீட்லயும் ராகிக் களிதான் சாப்பிடறாங்க. இந்தத் தெருவுல ராகி மூட்ட எத்தன வரணும்னு நானே யோசிச்சேன். ஏம்மா, இதுக்கும் உங்க ஆயிரம் ரூபாய்க்கும் சம்பந்தமே இல்ல. யார் பேரும் மேல போகாது. நம்ம பக்கம் ஒரு ஆளுக்கு எவ்வளவு கிடைக்குது, பணக்கார நாட்டுல ஒரு ஆளுக்கு எவ்வளவு, முன்னைக்கு இப்ப கிட்ட வந்திருக்கமா, தூரப் போயிட்டமான்னு பாக்கத்தான். நீங்க எல்லாரும் டிவிய மூடி வெச்சா, நாடே கம்பளி போத்திக்கிட்டு இருக்கற மாதிரில்ல கணக்கு வரும்?"

பணக்கார நாடு என்ற சொல் விழுந்ததும் மாந்தோப்புக்காரருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "எம்பொண்ணு ஜெர்மனியிலதாம்மா கீறா! அவளக் கேளுங்க. தெரியும் சேதி!"

"அங்க இருக்கறவங்கள நான் எழுத முடியாதுங்கய்யா."

"எழுத வேணாம், சும்மா கேளுங்க. இவங்களும் கேக்கட்டும்." பேரனைப் பார்த்துக் கையை நீட்டினார். "போடுடா தம்பி."

டா போட்டதில் எனக்கு லேசாக உயிர் வந்தது.

பேரன் போனைப் போட்டான். முதல் மணி அடித்து முடிவதற்குள் அந்தப் பெண் முகம் வந்துவிட்டது, கம்பளிச் சட்டையும் கலைந்த தலையுமாக. "என்னாச்சு? சொல்லு சொல்லு!" என்றவள் அப்பாவைப் பார்த்ததும் முடியை ஒதுக்கினாள்.

"அம்மாடி, இங்க சர்வே மேடம் கீறாங்க. அங்க நீ எப்பிடிக் கீறன்னு உள்ளது உள்ளபடி சொல்லு" என்றார் அப்பா. போனை மைக்ரோ அடுப்பின் மேல், பூச்சாடியில் சாய்த்து வைத்தார். அந்த அடுப்பு அன்றைக்குச் செய்த ஒரே வேலை அது.

சர்வே பெண் விளையாட்டாகக் கேட்டாள். "எத்தன ரூம்ங்க?"

"ஒண்ணுதாங்க. சமையக்கட்டு மூணு பேருக்குப் பொது."

அப்பா தொண்டையைச் செருமினார். "கார் வாங்கலாம்னியே?"

"சைக்கிள்ப்பா. பழசு. செயின் அடிக்கடி கழலும்."

"சோபா இருக்குதாங்க?"

"இருக்குதே! சூப்பரா இருக்கும், பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினாள். பச்சை சோபா, ஒரு கால் இல்லை; அங்கே செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. "இங்க வேணாங்கற சாமான ரோட்டோரம் வெச்சிடுவாங்க, யார் வேணா எடுத்துக்கலாம். நானும் தோழியும் தூக்கிட்டு வந்தோம்."

"ரோட்டுல கெடந்த சோபாவா!" மாந்தோப்புக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மெரூன் சோபாவை ஒருமுறை பார்த்தார். இதற்காவது சொந்தக்காரர் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

"முடி என்னாத்துக்கும்மா முன்னாடி கோணலாக் கீது?" என்றாள் அத்தை.

"நானே வெட்டிக்கிட்டேன் அத்த. இங்க முடி வெட்டற காசுக்கு ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம். சம்பளம் ஜாஸ்திதான்ப்பா, இல்லங்கல. மிச்சமும் புடிக்கறேன். பஸ்சு சொன்ன நேரத்துக்கு வருது, தண்ணி எந்நேரமும் வருது. ஆனா நீங்க சும்மா ரூபாயா மாத்தி மாத்திப் பாக்காதீங்க. நான் இங்க சம்பாரிச்சு இங்கதானே சோறு திங்கறேன்?"

"அதத்தான் நாங்களும் பாப்போம்" என்று சர்வே பெண் குதித்தாள். "பணத்த மாத்தறது மட்டும் போதாதுங்கய்யா. அந்தக் காசுக்கு அங்க என்ன கிடைக்கும், இங்க என்ன கிடைக்கும்னும் சேத்துப் பாக்கணும்."

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. போன் பக்கம் நகர்ந்தேன். "கண்ணு, அந்த ஊருக்காரங்க எப்பவுமே பணக்காரங்களா?"

"இல்லீங்க ஆயா! எங்க வீட்டுக்காரம்மாவுக்கு எம்பது வயசு தாண்டிருச்சு. ரெண்டாவது உலகச் சண்ட முடிஞ்ச சமயத்துல அவங்க சின்னப் புள்ளயாம். ஒரே கட்டில்ல மூணு புள்ளைங்களாம். உருளக்கெழங்கு தோண்டி முடிச்ச காட்டுல, மண்ணக் கிளறி மிச்சத்தப் பொறுக்குவாங்களாம்."

நான் கையைத் தட்டிவிட்டேன். "நாங்க கடலக்கா பொறுக்குனோம்! செடி புடுங்குன காட்டுல, குச்சிய வெச்சு நோண்டி நோண்டி! அந்தம்மாவக் காட்டுக்காரன் வெரட்டுனானாமா?"

"நாய் விட்டு வெரட்டுவாங்களாம் ஆயா."

"எங்களையும் நாய் விட்டுத்தான்!" எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். கடலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரி, என் வயதுக்குச் சற்று மூத்தவள், என்னைப் போலவே மடியில் மண்ணோடு ஓடியிருக்கிறாள். நாய்க்குக்கூட நாடு வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் முந்தின பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், நாம் அடுத்த பஸ்ஸில் வருகிறோம், அவ்வளவுதான் என்று போனில் அந்தப் பெண் சொன்னாள். எங்கள் பஸ் தளி ரோட்டு பஸ் மாதிரி எல்லா இடத்திலும் நின்று நின்று வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க கடலக்காய்தானே பொறுக்குனீங்க?" என்று மாந்தோப்புக்காரர் ஆரம்பித்தார். குரலில் போட்டி. "எங்க வீட்ல ஆறு பேரு. ஒரு முட்டைய அவிச்சு, நூலால ஆறா அறுப்பா எங்கம்மா. மஞ்சக்கரு யாருக்கு வருதுன்னு அடிச்சுக்குவோம்."

"முட்டையா! உங்களுக்கு முட்ட இருந்துச்சா?" என்றேன். "எங்க வீட்ல கோழி போடற முட்டைய சந்தைக்குக் குடுத்துட்டு உப்பு வாங்குவோம். முட்டைக்குள்ள மஞ்சளா இருக்கும்னு எனக்குக் கல்யாணம் ஆகித்தான் தெரியும்."

அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவர் தோற்பதாக இல்லை. அவருக்கு ஒரே டிராயராம், துவைத்த நாளில் பள்ளிக்கூடம் கிடையாதாம். நான் ஒரு நாள் முழுக்கக் களை எடுத்து ஒரு முறம் ராகி வாங்கி வந்த கதையைச் சொன்னேன். மூன்று நாள் கூலிக்கு ஒரு கோழி அன்றைக்கு. இன்றைக்கு மருமகள் மத்தியானம் வரைக்கும் ரோஜா கட்டினால் கோழி வீட்டுக்கு வந்துவிடுகிறது, அதுவும் உரித்து. கால் மணி நேரம் முன்னால் யார் பணக்காரர் என்று போட்டி போட்டவர்கள், இப்போது யார் அதிகம் பட்டினி கிடந்தது என்று மல்லுக்கட்டினோம். மருமகள் மறுபடி பஜ்ஜி சுட்டுவந்தாள். இரண்டு பேரும் பட்டினிக் கதை பேசிக்கொண்டே ஒரு தட்டைக் காலி செய்தோம்.

"ஏக்கா, மணி நாலே கால்" என்றான் என் மகன் அத்தையைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்து. அவன் கேட்டது மணி அல்ல என்று எல்லாருக்கும் தெரியும். போனில் அந்தப் பெண் நகத்தைக் கடித்தாள்.

மாந்தோப்புக்காரர் விரலைத் துடைத்தார். சர்வே பெண்ணைப் பார்த்தார். "மேடம், கடைசியா எத்தினி பேருன்னு போட்டீங்க? பத்தா, நாலா?"

"நாலுதாங்கய்யா. தம்பி உண்மையச் சொல்லிட்டாரே, திருத்திட்டேன்."

"எல்லாரும் வாய மூடிக்கினு நிக்கறப்ப அவன் ஒருத்தன் சொன்னான்" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். பேரனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார். "அஞ்சுன்னு போட்டுக்குங்க."

ஒரு நொடி ஒருவருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது ஜெர்மனிக்குத்தான். போனிலிருந்து ஒரு கூச்சல் வந்தது பாருங்கள், கொட்டகையில் மாடு பதில் கொடுத்தது. பேரன் தலையைக் குனிந்துகொண்டான். காது மட்டும் சோபா நிறத்துக்கு வந்திருந்தது.

"அஞ்சுன்னு போட முடியாதுங்கய்யா" என்றாள் சர்வே பெண், பாவம், மெய்யான வருத்தத்தோடு. "இன்னைக்கு இந்த அடுப்புல சாப்பிடறவங்களத்தான் எழுதணும்."

"அப்ப அடுத்த தடவ வர்றப்ப ஏத்திக்கோம்மா" என்றாள் அத்தை. "அன்னைக்கு அந்தப் பச்ச சோபாவும் வந்துருக்கும். செங்கல் நாங்க தர்றோம்."

அந்த நேரத்தில் பாய் வீட்டம்மா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவும் தயக்கம், போகவும் முடியவில்லை. மருமகளிடம் சாடையில் ஏதோ சொன்னாள். மருமகள் விழித்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க நாத்தனாரு கிருஷ்ணகிரியில இருந்து சொல்லாம வந்துட்டாங்க. சோபா எங்கன்னு கேக்கறாங்க. பாலிஷ் போடக் குடுத்திருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

மாந்தோப்புக்காரர் அதைக் கேட்டார். சோபாவிலிருந்து எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "மாப்ள, அந்தப் பக்கம் புடிங்க" என்றார்.

பேரன் ஒரு பக்கம், வருங்கால மாமனார் ஒரு பக்கம். எங்கள் நிலைப்படி குறுகல். சோபாவைச் சாய்த்து, திருப்பி, காலை முதலில் விட்டு வெளியே எடுத்தார்கள். "மெதுவா, மெதுவா, என் வெரலு!" என்று அவர் கத்தினார். பின்னாலேயே அத்தை, "பூ போட்ட பக்கம் இடிக்காதடா" என்று போனாள். சர்வே பெண் கேட்டைத் திறந்துவிட்டாள். ஒடிசாப் பையன்கள் ஈரக் கையோடு ஓடிவந்து நடுவில் தோள் கொடுத்தார்கள். கல்யாணம் நிச்சயமான விஷயம் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சாமான் ஜப்தியாகிறது என்று நினைத்து இரக்கமாக என்னைப் பார்த்தார்கள். பாய் வீட்டு வாசலில் இறக்கியதும் நாத்தனார் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பாலிஷ் நல்லா வந்திருக்குதே, எங்க போட்டீங்க?" என்றாளாம். மாந்தோப்புக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்க சம்பந்தி வீட்லதாங்க" என்றாராம்.